கீழ் ஒழுங்கைக்குப் போகாத செய்தி

கடந்த மாரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் கணினித் திரை எல்லோருக்கும் செய்தி போய்விட்டது என்று சொன்னது. என் அம்மா தொலைபேசியில், தனக்கு ஒன்றும் வரவில்லை என்று சொன்னார். இரண்டில் ஒன்று பொய். அந்தப் பொய்க்குள் எங்கள் ஒழுங்கை, அந்தக் குறுகிய தெரு முழுவதும், அகப்பட்டிருந்தது.

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்படி பலமுறை கேட்டார்கள். எனக்கு நின்றுகொண்டு பேச வராது. பாதியில் அழுதுவிடுவேன், அல்லது கணினிப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவேன். எழுதித் தருகிறேன் என்று பாஸ்டரிடம் சொன்னேன். அதனால் இதை ஒழுங்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். கர்த்தர் எனக்குச் செய்ததில் ஒன்றையும் விடாமல், நான் செய்யாததை என் பெயரில் சேர்க்காமல் எழுத விரும்புகிறேன்.

நான் வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். தகவல் முறைமைகள் படிக்கிறேன். அதிலும் தரவுத்தளம் எனக்குப் பிடித்த பாடம். எந்தத் தகவலை எந்தக் கட்டத்தில் வைப்பது, கேட்டவுடன் அதை எப்படித் தவறாமல் எடுப்பது என்பதுதான் அந்தப் படிப்பு. எனக்கு எதையும் வரிசையாக வைத்தால்தான் மனம் அமைதியாகும். உடுப்புப் பெட்டி அப்படி, பாடக் குறிப்பு அப்படி. ஜெபமும் அப்படித்தான். முதலில் நன்றி. பிறகு அம்மா. பிறகு சபை. பிறகு படிப்பு. கடைசியில் அப்பா.

அப்பாவின் பெயர் தேவராசா. யுத்தத்தின் கடைசி மாதங்களில், நாங்கள் இருந்த பதுங்குகுழியிலிருந்து தண்ணீர் எடுக்கப் போனார். எனக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் சேரும் வயது. அதன் பிறகு அவரைப் பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை.

பின்னேரங்களில் அம்மாவும் நானும் சேர்ந்து ஜெபிப்போம். அம்மா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மன்றாடுவார். அப்பாவின் முறை வந்ததும், "ஆண்டவரே, தேவராசாவை..." என்று தொடங்கி நிறுத்திவிடுவார். காப்பாற்றும் என்றும் சொல்லமாட்டார். உம்மிடத்தில் இளைப்பாறச் செய்யும் என்றும் சொல்லமாட்டார். ஒரு மூச்சளவு மௌனம். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். சிறுபிள்ளையாக இருந்தபோது அந்த இடைவெளியில் கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். உதடுகள் அசையாது. பயமாக இருக்கும். பிறகு எனக்கும் அது பழகிவிட்டது. தனியாக ஜெபிக்கும்போதும் அந்த இடத்தில் நிறுத்துவேன்.

எங்கள் ஊர் உடையார்கட்டிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருக்கிறது. ஊருக்கு ஒரு குளம். மேட்டுப் பக்கத்தில் பாடசாலை, கடை, எங்கள் சபை, பெரும்பாலான வீடுகள். வாய்க்காலைத் தாண்டினால் பள்ளம். குளக்கட்டுக்கு நேர் கீழே எங்கள் கீழ் ஒழுங்கை. மீள்குடியேற்றத்தின்போது ஆண் துணை இல்லாத குடும்பங்களை ஒரே வரிசையில் குடியமர்த்தினார்கள். ஒருவருக்கொருவர் பாதுகாப்பாக இருக்கும் என்று நல்ல மனதோடு செய்ததுதான். அதனால் எங்கள் ஒழுங்கையில் அநேகமாக எல்லா வீட்டிலும் காணாமல் போன ஒருவர் இருக்கிறார்.

அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அம்மா ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. என்னைப் பார்க்க வவுனியாவுக்கு வந்தால் காலை பஸ்ஸில் வந்து, கொண்டுவந்த சாப்பாட்டை என் கையில் தந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பிவிடுவார். முந்தின வருடம் முற்றத்தில் வெள்ளம் ஏறியபோது எல்லோரும் பாடசாலைக்குப் போனார்கள். அம்மா மேசைக்கு மேல் கதிரையை வைத்து அதில் ஏறி உட்கார்ந்திருந்தார். "அவர் வந்து பாக்கேக்க வீட்டில ஆளில்லாட்டி, நாங்களும் செத்துப்போனம் எண்டு திரும்பிப் போயிடுவார்" என்பதுதான் அவருடைய பதில்.

இறுதி வருட ஆய்வுத் திட்டத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, அந்தக் கதிரைதான் என் நினைவில் வந்தது. வெள்ள எச்சரிக்கை முறைமை ஒன்று செய்வோம் என்று என் தோழி ஷிபானாவிடம் சொன்னேன். ஷிபானா முல்லைத்தீவுக்காரி. அவளுடைய குடும்பமும் இடம்பெயர்ந்து போய், நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்தது. ஊரில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் தரவுத்தளத்தில் பதிவோம். குளத்துக்கு ஆபத்து என்று கிராம அலுவலர் சொன்னால் நாங்கள் ஒரு பொத்தானை அழுத்துவோம். எல்லாக் குடும்பத்தின் தொலைபேசிக்கும் குறுஞ்செய்தி போகும். அதே பட்டியல் கிராம அலுவலரின் தொலைபேசியிலும் தெரியும். ட்ரக்டரில் ஆட்களை ஏற்ற ஏற்ற அவர் ஒவ்வொரு பெயரையும் குறித்துக்கொண்டு போகலாம். ஜி.எஸ் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கிராம அலுவலர் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். வீடு வீடாக ஆட்களைத் தெரியாத அவருக்கு இது பெரிய உதவி என்றார்.

ஆவணி விடுமுறையில் நானே வீடு வீடாகப் போய்த் தகவல் எடுத்தேன். குளத்தில் அப்போது நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. வெயிலில் கட்டு வெடித்திருந்தது. உடும்புகள் தோண்டிய பொந்துகளுக்குள் கையை முழங்கை வரை விடலாம். எங்கள் ஒழுங்கையின் பிள்ளைகள் அப்படி விட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொந்துகளைச் சற்று நின்று பார்த்தேன். பிறகு வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

கேள்விகளில் ஒன்று, குடும்பத் தலைவர் இருக்கிறாரா, காலமானாரா என்பது. மேட்டுப் பக்கத்தில் சிக்கல் இல்லை. கீழ் ஒழுங்கையில் அந்தக் கேள்வியை என்னால் வாய் திறந்து கேட்கவே முடியவில்லை. எங்கள் வீட்டு விபரத்தைப் பதியும்போது அம்மாவிடம் மட்டும் கேட்டேன்.

"உந்தப் பெட்டி கேக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லோணுமோ?" என்றார் அம்மா.

"ரெண்டில ஒண்டு போடோணும் அம்மா."

"அப்ப உன்ர ரெண்டும் காணாது. அதை வெறுமையா விடு பிள்ளை."

விட்டேன். ஒழுங்கை முழுவதும் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டேன். நாங்கள் அப்படித்தான் வளர்ந்தவர்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான் எங்களிடையே மரியாதை.

புரட்டாசியில் மேட்டுப் பக்கத்துச் சில வீடுகளுக்கு மட்டும் முதல் ஒத்திகை வைத்தபோது, கணவனை இழந்த ஒரு அக்காவின் தொலைபேசிக்கு இறந்தவரின் பெயரை விளித்துச் செய்தி போய்விட்டது. அவர் அதைப் பார்த்து அழுதிருக்கிறார். எங்களுக்கு மிகவும் வெட்கமாகப் போயிற்று. உடனே கட்டளையைத் திருத்தினோம். குடும்பத் தலைவர் இருக்கிறார் என்றால் அவருடைய பெயருக்குச் செய்தி போகட்டும். காலமானார் என்றால் மனைவியின் பெயருக்குப் போகட்டும். இரண்டே வரி. எழுதிவிட்டு, யாரையும் இனி நோகடிக்கமாட்டோம் என்று நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனோம்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

மழை சனிக்கிழமை தொடங்கியிருந்தது. வவுனியாவில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வீதி தெரியவில்லை. விரிவுரைகள் நடக்கவில்லை. கணினி ஆய்வுகூடத்தில் ஷிபானாவும் நானும் மட்டும் இருந்தோம். காலை ஒன்பது மணியளவில் கிராம அலுவலர் அழைத்தார். குரல் இழுபட்டு இழுபட்டு வந்தது.

"பிள்ளை, கட்டு வேர்க்குது. கீழ்ப்பக்கத்தால தண்ணி கசியுது, கலங்கின தண்ணி. அனுப்புங்கோ. இப்பவே அனுப்புங்கோ."

கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பொறுக்கலாம். கலங்கி வந்தால் கட்டுக்குள் மண் கரைகிறது என்று அர்த்தம். குளத்துக்குக் கீழே வளர்ந்த எவருக்கும் இது தெரியும். நான் பொத்தானை அழுத்தினேன். திரையில் பச்சை எழுத்து வந்தது: அனைத்தும் அனுப்பப்பட்டன. தவறியவை இல்லை.

உடனே அம்மாவுக்கு எடுத்தேன்.

"அம்மா, மெசேஜ் வந்ததோ? வெளிக்கிட்டிட்டீங்களோ?"

"என்ன மெசேஜ்? எனக்கு ஒண்டும் வரேல்ல பிள்ளை. ராணிக்கும் வரேல்ல. மேல்பக்க ஆக்களுக்குத்தான் வந்ததாம். சாமான் கட்டிக்கொண்டு போகினம்."

"எல்லாருக்கும்தான் அம்மா அனுப்பினது. திரையில இருக்கு."

"உன்ர திரை அங்க இருக்கு. நான் இஞ்ச இருக்கிறன்." அம்மா சிரித்தார். "எங்களுக்கு வராட்டி அது எங்களுக்கில்லைத்தானே. அவை படிச்ச ஆக்கள், பாத்துத்தான் அனுப்பியிருப்பினம்."

"அனுப்பினது நான்தானம்மா! கட்டு கசியுதாம். தயவுசெய்து எழும்புங்கோ."

"நீ போன வருசமும் இப்பிடித்தான் கத்தினனீ. கறன்ட் இல்லை, போனில சார்ஜ் கொஞ்சம்தான் கிடக்கு. நிப்பாட்டி வைச்சிட்டுப் பின்னேரம் போடுறன். சாப்பிட்டனியோ?"

அவ்வளவுதான். அதன் பிறகு எத்தனை முறை எடுத்தாலும் அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்ற குரல் மட்டும். நான் சொந்தமாக ஒரு செய்தி தட்டி அனுப்பினேன். ராணி அன்ரிக்கும் அனுப்பினேன். ராணி அன்ரி எங்கள் அடுத்த வீடு. அவருடைய தொலைபேசியும் நின்றுவிட்டது. கிராம அலுவலரின் இலக்கம் விடாமல் வேறு அழைப்பில் இருந்தது.

எங்கே பிழை என்று தேடினோம். அம்மாவின் இலக்கம் தரவுத்தளத்தில் சரியாக இருந்தது. செய்தி அனுப்பும் சேவை ஒழுங்காக வேலை செய்தது. நான் மீண்டும் பொத்தானை அழுத்தினேன். மீண்டும் பச்சை எழுத்து: தவறியவை இல்லை. அந்தப் பச்சையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பிழை இருக்கிறது என்று சொல்லும் கணினியைத் திருத்தலாம். எல்லாம் சரி என்று சொல்லும் கணினியை எங்கே பிடித்துத் திருத்துவது?

அப்போது ஷிபானா மெதுவாகச் சொன்னாள். "தர்சி, ஜி.எஸ் ஐயா இந்த லிஸ்டைப் பாத்துத்தானே ஆக்களை ஏத்துறார்."

அம்மாவுக்குச் செய்தி போகவில்லை என்றால், அம்மாவின் பெயர் அவருடைய பட்டியலிலும் இருக்காது. பட்டியலில் உள்ள எல்லோரையும் ஏற்றி முடித்தவுடன் அவர் ட்ரக்டரைத் திருப்பிவிடுவார். ஊர் வெறுமையாகிவிட்டது என்று நினைப்பார். கீழ் ஒழுங்கையில் அம்மா கதிரையை மேசைக்கு மேல் ஏற்றிக்கொண்டிருப்பார்.

யன்னலுக்கு வெளியே பகலிலேயே இருண்டுவிட்டது. நான் எழுந்து சுவர்ப் பக்கம் போனேன். ஷிபானா, "நீ ஜெபி. நான் இதில இருந்து பாக்கிறன்" என்றாள். அவளும் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டுதான் இருந்தாள்.

சுவரில் நெற்றியை வைத்து நின்றேன். என் வரிசை அப்போதும் என்னை விடவில்லை. நன்றி என்று தொடங்கினேன். நன்றி சொல்ல ஒன்றும் வரவில்லை. அம்மாவைக் காப்பாற்றும் என்றேன். எங்கே பிழை என்று காட்டும் என்றேன். காட்டும், காட்டும் என்று அதையே சொன்னேன். ஒன்றும் வரவில்லை. சபை, படிப்பு என்று வாய் தானாக ஓடியது. கடைசியில், "ஆண்டவரே, அப்பாவை..." என்றேன்.

வழக்கம்போல அந்த இடத்தில் நின்றேன்.

சகோதர சகோதரிகளே, நான் குரல் எதையும் கேட்கவில்லை. தரிசனம் காணவில்லை. அந்த மௌனத்துக்குள் நின்றபோது ஒன்றை மட்டும் பார்த்தேன். இருக்கிறார் என்று நாங்கள் சொல்வதில்லை. இல்லை என்றும் சொல்வதில்லை. நான் எழுதிய இரண்டு வரியில் ஒன்று இருப்பவருக்கு, மற்றது காலமானவருக்கு. வெறுமையாக விட்ட கட்டத்துக்கு வரியே இல்லை.

தரவுத்தளத்தில் வெறுமையான கட்டம் ஆம் என்றும் எடுபடாது, இல்லை என்றும் எடுபடாது. எந்தக் கேள்வி கேட்டாலும் அது விடை சொல்லாமல் விலகி நிற்கும். இது நாங்கள் இரண்டாம் வருடத்தில் படித்த பாடம். பரீட்சையில் வந்த கேள்வி, நன்றாக எழுதியிருந்தேன். ஆனால் கீழ் ஒழுங்கை அந்த வெறுமைக்குள் இருப்பதை எனக்குக் காட்டியது என் அம்மாவின் ஜெபத்தில் இருந்த இடைவெளி. அத்தனை வருடமாகக் கர்த்தர் அந்த மௌனத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று இன்று நான் நம்புகிறேன்.

ஓடிவந்து கதிரையில் இருந்தேன். கட்டளையைத் திருத்த இரண்டு வழி இருந்தது. வெறுமையான கட்டங்களை மனைவியின் பெயருக்கு அனுப்பும் வரியில் சேர்க்கலாம். அல்லது குடும்பத் தலைவரின் பெயருக்கு அனுப்பும் வரியில் சேர்க்கலாம். நிதானமாக யோசித்திருந்தால், அன்றைக்கு அழுத அக்காவை நினைத்து, மனைவியின் பெயரைத்தான் தெரிவு செய்திருப்பேன். யோசிக்க நேரம் இல்லை. சுட்டி முதல் வரியில் நின்றது. அதிலேயே சேர்த்து அழுத்தினேன்.

பெயர்கள் வந்தன. கீழ் ஒழுங்கையின் ஆண்கள் எல்லோரும், ஒருவருக்குப் பின் ஒருவராக, திரையில் மேலேறி வந்தார்கள். சிறுபிள்ளையில் கேட்டு மறந்த பெயர்கள். ராணி அன்ரியின் கணவர். மூலை வீட்டு அக்காவின் அண்ணன். நடுவில் என் அப்பா. ஷிபானா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவின் பெயருக்குப் போன செய்தி இதுதான்: "தேவராசா அவர்களுக்கு. குளக்கட்டு ஆபத்தில் உள்ளது. குடும்பத்துடன் உடனே பாடசாலைக்குச் செல்லவும்."

சற்று நேரத்தில் கிராம அலுவலரே அழைத்தார்.

"பிள்ளை, எல்லாரையும் ஏத்தி முடிஞ்சுது எண்டு ட்ரக்டரைத் திருப்பினனான். இப்ப லிஸ்டில புதுசா பெயருகள் வந்து நிக்குது. இவை ஆர்?"

"ஐயா, கீழ் ஒழுங்கை. வாய்க்காலுக்கு அங்கால."

"அங்க ஆக்கள் இல்லையெண்டெல்லோ... விசாரிச்ச இடத்தில, இந்த ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுகினம்."

"அவையின்ர குடும்பங்கள் இருக்குது ஐயா! என்ர அம்மா இருக்கிறா! திரும்பிப் போங்கோ!"

அழைப்பு அறுந்துவிட்டது. அவர் முழுதாகக் கேட்டாரா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நின்றுபோன தொலைபேசிகளுக்கு அனுப்பிய செய்திகள் எங்கோ காற்றில் காத்துக்கொண்டிருந்தன. யாராவது தொலைபேசியை உயிர்ப்பித்தால்தான் போய்ச் சேரும். அம்மா பின்னேரம் போடுவேன் என்றிருந்தார். கட்டு பின்னேரம் வரை பொறுக்குமா?

பொறுக்கவில்லை. மதியம் திரும்பி ஒரு மணித்தியாலத்துக்குள் ஷிபானாவின் தொலைபேசியில் யாரோ முகநூலில் போட்ட ஒரு காணொளி வந்தது. குளக்கட்டின் நடுவில் ஒரு வாய் திறந்திருந்தது. பழுப்பு நிறத் தண்ணீர் அதற்குள்ளால் மரங்களை இழுத்துக்கொண்டு வந்தது. தண்ணீரின் சத்தத்துக்கு மேலால் ஒரு ஆணின் குரல், "கீழ் ஒழுங்கை போச்சு, கீழ் ஒழுங்கை போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. காணொளி அதோடு முடிந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஷிபானா தொலைபேசியை என் கையிலிருந்து பறித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

அந்த மதியத்தைப் பற்றி எழுத என்னிடம் வரிசை இல்லை. கர்த்தரைத் திட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். மறுபடி திட்டினேன். ஒரு கட்டத்தில், "அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு வெறுமையான கட்டத்தைத் தராதேயும். எதுவானாலும் எனக்குத் தெரிய வேண்டும்" என்று மட்டும் கேட்டேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் தெரியாத ஓர் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"தர்சியோ? பள்ளிக்கூடத்தில நிக்கிறன் பிள்ளை. ஆரோ ஒரு தம்பியின்ர போன். கெதியா கதைக்கோணும், பின்னால வரிசையா ஆக்கள் நிக்கினம்."

நான் தொலைபேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"தர்சி? கேக்குதோ? சாப்பிட்டனியோ?"

"ஓம் அம்மா" என்று பொய் சொன்னேன். "எல்லாரும் வந்திட்டினமோ?"

"எல்லாரும் வந்திட்டம். ராணி தன்ர கோழியளையும் கொண்டந்திட்டாள். அதுகள் வாங்கு மேசைக்குக் கீழ நிண்டு கத்துதுகள். சரி, வைக்கிறன்."

கர்த்தருக்கு நன்றி சொல்லும்போது நான் முதலில் நினைப்பது அந்தக் கோழிகளைத்தான். எல்லோரும் வந்து சேர்ந்து, கோழிகளுக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

பாதை திறந்த பிறகு ஷிபானாவும் என்னோடு ஊருக்கு வந்தாள். கீழ் ஒழுங்கையில் சேறு இடுப்பளவுக்குக் காய்ந்திருந்தது. மூலை வீட்டில் ஒரு சுவர் மட்டும் நின்றது. எங்கள் வீட்டுக் கூரைக்குள் வைக்கோலும் சருகும் செருகிக் கிடந்தன. கதிரை மேசையோடு சேர்த்து வெளியே அள்ளுண்டு போய், வேலியில் தலைகீழாக மாட்டியிருந்தது. அம்மா அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, என்ர மெசேஜைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"பாத்தனான். உன்னோட கதைப்பம் எண்டு மனம் கேக்காமல் போனைப் போட்டன். உன்ர மெசேஜும் மற்றதும் ஒண்டா வந்தது."

"என்ர மெசேஜுக்கோ வெளிக்கிட்டனீங்கள்?"

அம்மா இல்லை என்று தலையசைத்தார். "நீ பயந்தவள். நீ எப்பவும் வெளிக்கிடு எண்டுதான் சொல்லுவாய்."

ராணி அன்ரி சேற்றை வழித்துக்கொண்டே குறுக்கே சொன்னார். "அந்த மெசேஜைப் பாத்தவுடன எங்கட வீட்டுக்கு ஓடியந்தவள் உன்ர கொம்மாதான். 'இவருக்கு வந்திருக்கடி, உன்ர அவருக்கும் வந்திருக்கும், போனைப் போடு' எண்டாள். போட்டால், ஓம், வந்திருக்கு. என்ர மனுசன் இருந்த காலத்தில அவருக்கு ஒரு காயிதம் வந்ததில்லை. இப்ப மெசேஜ் வருது!"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா என்னைப் பார்த்து, அவருக்குரிய அமைதியான குரலில் சொன்னார். "எனக்கு வந்திருந்தால் நான் போயிருக்கமாட்டன் பிள்ளை. அவரின்ர பெயருக்கு வந்தது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி அவருக்குத்தான் சொன்னது. அப்ப அவர் வந்தாலும் எங்க தேடோணும் எண்டு அவருக்குத் தெரியும்தானே. அதுதான் எழும்பினனான்."

பெண்கள் எல்லோரும் கையில் கை பிடித்து வாய்க்கால் கரையால் நடந்திருக்கிறார்கள். மதகடியில் ட்ரக்டர் நின்றது. கிராம அலுவலர் நான் சொன்னதில் பாதியைத்தான் கேட்டாராம். ஆனால் பட்டியலில் குறிக்காத பெயர்கள் இருக்கும்வரை திரும்புவதில்லை என்று நின்றுவிட்டார். அம்மாவும் அன்ரியும் ஏறி, ட்ரக்டர் மேட்டுக்குப் போய்ச் சேரும்போது பின்னால் சத்தம் கேட்டதாம். மரம் முறியும் சத்தம் என்று நினைத்தார்களாம்.

நான் அந்தப் பெயரைத் தெரிவு செய்யவில்லை. சுட்டி அந்த வரியில் நின்றது, அவ்வளவுதான். மனைவியின் பெயருக்கு அனுப்பியிருந்தால் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அம்மா கதிரையில் இருந்திருப்பார். இதை எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. பிழையைக் காட்டும் என்றுதான் நான் கேட்டேன். நான் கேட்கத் தெரியாததையும் கர்த்தர் சேர்த்துத் தந்தார்.

அப்பாவைப் பற்றி எங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அந்த ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்ச் சாட்சி. மழை இருட்டினால் இப்போதும் உடனே அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். திரையில் எல்லாம் சரி என்று பச்சை எழுத்து வந்தால், வராதவர் யார் என்று முதலில் தேடுகிறேன். என் வாழ்க்கையில் மாறியது இதுதான். முன்பு நான் வந்த விடைகளை எண்ணுகிறவள். இப்போது விடை வராத வீட்டின் கதவை முதலில் தட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் வெளியே யாரோடும் பேசாமல் நிற்பவரிடம்தான் முதலில் போகிறேன்.

திட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் முன்வைப்பதற்கு முன், அந்தக் கேள்விக்கு மூன்றாவது விடை ஒன்றைச் சேர்த்தேன். 'தெரியாது' என்று போட்டிருந்தேன். ஊருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். அவர் தற்காலிகக் கொட்டிலுக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். புகைக்குள்ளால் திரையை எட்டிப் பார்த்தார்.

"தெரியாது எண்டு போடாத பிள்ளை."

"அப்ப என்னத்தைப் போட?"

"காத்திருக்கிறம் எண்டு போடு."

அப்படியே போட்டேன். பரீட்சகர் ஒருவர், இது தரவுத்தளத்துக்குரிய சொல் அல்லவே என்றார். எங்கள் ஊருக்குரிய சொல் ஐயா என்றேன். கீழ் ஒழுங்கைக்கு இனி எந்தச் செய்தியும் தவறாது.

இதை வாசிக்கிற உங்களில் சிலருடைய ஜெபத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கும். பெயரைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கிற இடம். அதைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். பொருத்தமான வார்த்தை கிடைத்த பிறகு ஜெபிக்கலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். அந்த மௌனத்தை அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள். அவர் அதை வாசிக்கத் தெரிந்தவர்.

நேற்றுப் பின்னேரமும் அம்மாவும் நானும் ஜெபித்தோம். கொட்டில் கூரையில் மறுபடி மழை விழத் தொடங்கியிருந்தது. "ஆண்டவரே, தேவராசாவை..." என்று அம்மா நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். இந்த முறை நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.